பிலோமினாவின் மூன்று

என் முதுகெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்று டாக்டர் சுகிர்தா சொன்னபோது நான் கேன்டீன் வடையைத் தின்றுகொண்டிருந்தேன். வடையைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ‘ஐயோ’ என்றாவது சொல்லியிருக்கலாம். நான் மென்று முழுங்கிவிட்டு, “எப்ப உடைஞ்சுதாம்?” என்று கேட்டேன், பக்கத்து வீட்டுச் சுவரை விசாரிக்கிற மாதிரி.

“ஒண்ணு ஆறு வருஷம் முந்தி. இன்னொண்ணு போன வருஷம். இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, அது தனி. நீங்க எப்படி இங்க வந்து சேந்தீங்கன்னே எனக்குப் புரியல குழலி.”

“ஆட்டோவுலதான்” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

முழுப்பெயர் கார்குழலி. போஸ்டரில் அப்படியே போட்டால் பக்திப் படம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று முதல் தயாரிப்பாளர் பாதியை வெட்டிவிட்டார். திண்டுக்கல்லில் ஜூடோ ஆடிக்கொண்டிருந்தவள். பன்னிரண்டு சண்டைப் படங்கள். மாடியிலிருந்து குதிப்பேன், ஓடுகிற லாரியில் தொங்குவேன், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வேன். என் படங்களில் முணுமுணுக்கிற மாதிரி ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அப்பா மட்டும் ஊரில் எல்லோரிடமும் “எங்க வீட்டு அடியாள் நடிச்ச படம் வந்திருக்கு” என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

முதல் மூன்று படங்களில் எனக்கு டூப் போட்டவள் பிலோமினாக்கா. காசிமேடு. என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் ஜடையைக் கட்டிக்கொண்டு அவள் விழுவாள். எழுந்து நிற்கும்போது கேமரா முன்னால் நான் இருப்பேன். கைதட்டும் எனக்குத்தான் வரும்.

பிறகு காலம் மாறியது. கம்ப்யூட்டரில் முகத்தை ஒட்டி ஒட்டி ஜனங்களுக்குச் சலித்துப்போயிற்று. நடக்க முடியாத கிழவர் நாற்பது பேரைப் பந்தாடினால் யார்தான் நம்புவார்கள்? ‘மெய்’ என்று ஒரு முத்திரை வந்தது. திரையில் தெரிகிற ஆளேதான் விழுந்தார், ஒட்டு வேலை இல்லை, டூப் இல்லை என்பதற்குச் சான்று. முத்திரை இல்லாத சண்டைப் படத்துக்குத் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். டூப்புகளுக்கு வேலை போயிற்று, எங்களுக்கு எலும்பு போகத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் லைன் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு லைன் போட்டதும் இதே டாக்டர் சுகிர்தாதான். வலி வாரியத்தின் மருத்துவர். அன்று அவருக்கு நரை இல்லை.

“கழுத்துக்குப் பின்னால புளியங்கொட்டை அளவுல ஒண்ணு வைப்போம். உங்க வலி மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே அதைப் பிடிச்சு, இன்னொருத்தர் கழுத்துல இருக்கிற கொட்டைக்கு அனுப்பிடும்” என்றார்.

“எதுக்கு இன்னொருத்தர்? அப்படியே சாக்கடையில விட்டுட வேண்டியதுதானே?”

“விட்டுப் பாத்தோம்மா. மொதல்ல அடைச்சு மட்டும்தான் வச்சோம். ஒருத்தருக்குக் குடல்வால் வெடிச்சிருக்கு, தெரியாம உக்காந்து பிரியாணி சாப்பிட்டிருக்கார். அன்னைக்கே போயிட்டார். வலிங்கிறது வீட்டு நாய் மாதிரி. குலைச்சா தொல்லைதான். ஆனா யாரோ ஒருத்தர் காதுல விழுந்தாகணும்.”

“மெஷின் கேட்டா போதாதா?”

“மெஷினுக்கு எல்லாம் ஒரே சத்தம். எது அரிப்பு, எது முறிவுன்னு மனுஷ உடம்புக்குத்தான் தெரியுது. அதனாலதான் சட்டம். வலி ஒரு ஆள்கிட்ட போய்ச் சேரணும். அந்த ஆள் ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள நம்பர் போடணும். நாலு விழுந்தா ஷூட்டிங் நிக்கும், உங்களுக்கு ஸ்கேன் எடுப்போம். மூணு வரைக்கும் பிரச்சினை இல்ல.”

அந்த ஆளுக்குச் சட்டத்தில் ‘வலியேற்பாளர்’ என்று பெயர். செட்டில் ‘தாங்கி’. வேலை போன டூப்புகள்தான் தாங்கிகளாக வந்து சேர்ந்தார்கள். நரம்பு நரம்போடு பொருந்த வேண்டும். என்னோடு பொருந்தியது, வேறு யார், பிலோமினாக்காதான்.

“இதுக்குப் போய் ஒத்துக்கிட்டீங்களே அக்கா” என்று கேட்டேன்.

“இன்னா பாப்பா பேசற? முன்ன வெயில்ல வுழுந்து வலிக்கும். இப்ப ஏசி வேன்ல ஒக்காந்துகினு வலிக்கும். பிரமோசன்தானே?” என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் எனக்கு வலித்ததில்லை. பல் வலி, தலைவலி, மாதாமாதம் வருகிற வயிற்று வலி எதுவும் கிடையாது. ஒப்பந்தப்படி லைன் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். நான் இட்லித் தட்டில் கை சுட்டுக்கொண்டால் காசிமேட்டில் ஒருத்தி கையை உதறுவாள். முதல் வருடம் அதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வருடம் மறந்துபோனேன். நல்லது நடந்தால் மறப்பது மனுஷ சுபாவம்.

ஒரே ஒரு தொந்தரவு. வலி மறந்ததும் வலியை நடிக்க வரவில்லை. “என்ன குழலி, கத்திக்குத்து வாங்கின மூஞ்சியா இது? பஸ்ஸை விட்டவ மாதிரி நிக்கிறே” என்று டைரக்டர் கத்தினார். சரி, பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்று வேனுக்குப் போனேன். ஃபைட் மாஸ்டர் பூபதியிடம் மூங்கில் கழியைக் கொடுத்து என் தோளில் ஓங்கிப் போடச் சொன்னேன். போட்டார். நான் பிலோமினாக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கண்கூட இமைக்கவில்லை. வலது கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல உள்ளே மடங்கிச் செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டது.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“வேற இன்னா பண்ணணும்? டான்ஸா ஆடணும்?”

அதையே நடித்தேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கட்டைவிரலை மடக்கினேன். கேமராமேன் காலுக்கு ஒரு குளோசப் வைத்தார். ‘அடக்கமான, ஆழமான நடிப்பு’ என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். விருதும் கிடைத்தது. அக்காவிடம் சொன்னபோது, “என் கட்டவெரலுக்கா குட்த்தாங்க?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

டாக்டர் சுகிர்தா இப்போது ஒரு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். ஒன்பது வருடப் பதிவு. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, மூன்று. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மேலே போகவே இல்லை.

“முதுகு உடைஞ்ச அன்னைக்கும் மூணு. இன்னொண்ணு உடைஞ்ச அன்னைக்கும் மூணு” என்றார். “இப்ப இது கேஸ் குழலி. தாங்கி வேணும்னே குறைச்சுப் போட்டிருந்தா லைசென்ஸ் போயிடும், ரெண்டு வருஷம் உள்ள இருக்கணும். அப்படின்னா உங்க ஆபரேஷன், பாத்துக்க ஆளு, ஆயுசுக்கும் எல்லாம் வாரியத்தோட பொறுப்பு. நெஜமாவே மூணுதான்னா யார் மேலயும் தப்பில்ல. உங்க முதுகு, உங்க பாடு.”

“எது நெஜம்னு எப்படித் தெரியும்?”

“லைனைக் கழட்டுவோம். வியாழக்கிழமை. உங்க வலி உங்களுக்கே திரும்பி வரும். நீங்களே நம்பர் சொல்லணும். வலிக்குச் சொந்தக்காரர் சொல்றதுதான் முடிவு.”

“ஒம்பது வருஷம் ஆச்சே. திரும்பி வரலைன்னா?”

டாக்டர் டேப்லெட்டை மூடி வைத்தார். “வராமலும் போகலாம். அப்புறம் நாக்கைக் கடிச்சாக்கூட உங்களுக்குத் தெரியாது. எப்பவும் கூட ஒரு ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும்.”

வடை ஆறிப்போயிருந்தது. மிச்சத்தையும் தின்றேன்.

மறுநாள் மத்தியானம் பூபதி மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. மாஸ்டருக்கு அறுபத்தைந்து வயது, நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். உடைந்த முதுகை வைத்துக்கொண்டு நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

பிலோமினாக்கா முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “மெதுவா வரக்கூடாதா? இடுப்பு கொல்லுது” என்றாள். என் இடுப்பைத்தான் சொன்னாள்.

நேராகவே கேட்டேன். “பொய் சொன்னீங்களா அக்கா?”

“எத்த?”

“மூணை.”

“நான் இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்? மூணுதான்.”

“முதுகெலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. உடைஞ்ச எலும்பு மூணா?”

“எனக்கு மூணு பாப்பா.” மீனைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. “நான் டூப் போட்டப்ப பைக் தீப்புடிச்சு என் ரெண்டு தொடையும் வெந்துச்சு பாரு, அது பத்து. இடுப்பு முறிஞ்ச அன்னிக்கே இன்னொரு டேக் குட்த்தேன், மாஸ்டரக் கேளு, அது ஏழு. ஒன் முதுகு அந்தப் பக்கம் வரவேல்ல. மூணு போட்டேன். கம்மியாப் போடணும்னு போடல. அவ்ளோதான் இருந்துச்சு.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்று வாட்ச் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நாங்க பழக்கினதும்மா அது” என்றார். “ஃபைட்டர் விழுந்ததும் எல்லாரும் அவன் கையத்தான் பாப்போம். கட்டைவிரல் மேல வரணும். ‘ஓகே மாஸ்டர்’னு சத்தம் வரணும். வரலேன்னா தூக்கிட்டுப் போவோம், சோடா வாங்கிக் குடுப்போம், ‘பாத்துக்கடா’ன்னு நல்லாத்தான் பேசுவோம். மறுநாள் கூப்பிட மாட்டோம். நாப்பது வருஷமா நான் ‘ஓகேவா?’ன்னுதான் கேட்டிருக்கேன். ‘வலிக்குதா?’ன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல.”

“அவங்களைப் போய் வலியைச் சொல்ற வேலைக்கு வச்சிருக்காங்களே மாஸ்டர்!”

“வாயத் தைச்சிட்டுப் பாடச் சொன்ன மாதிரிதான்” என்றார். “வாரியத்துல யாரும் எங்களைக் கேக்கல. கேட்டிருந்தாலும் நாங்க ஓகேன்னுதான் சொல்லியிருப்போம்.”

கோபப்பட்டே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முறத்தைத் தட்டிவிட வேண்டும், நாலு வார்த்தை கேட்க வேண்டும். உள்ளே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தண்ணீர் கேட்டேன். பிலோமினாக்கா கையை அலம்பிவிட்டுச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு நாளு நாலு போட்டேன்” என்றாள்.

“பதிவுல நாலே இல்லையே.”

“அழிச்சிட்டேன். கோவளம் செட்டு ஞாபகம் இருக்குதா? நீ ரோப்புலருந்து எறங்கி ஃபோன் பேசினிருந்த. அடியே படல. எனக்குத் திடீர்னு நெஞ்சு அடைக்குது. தொண்டைல எதுவோ மாட்டிக்கின மாதிரி, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. செத்தேன்னு நெனச்சி நாலு போட்டேன். அப்பத்தான் வேன் டிரைவர் வந்து சொன்னான், மேடத்தோட அப்பா தவறிட்டாராம், மேடம் தைரியமா கீறாங்க, ஷாட்ட முடிச்சிட்டு ஊருக்குப் போறாங்களாம்னு. ஓகோ, இது அதான்னு புரிஞ்சிச்சு. நாலு விட்டா ஸ்கேன் கீன்னு ஒன்ன ஒக்கார வச்சிருவாங்க, அப்பன் மொகத்தப் பாக்க நேரமாயிடும். அழிச்சிட்டு மூணு போட்டேன்.”

நான் சொம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“நீ அழுவல பாப்பா. நான்தான் அழுதேன். அந்த மனுஷன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. ஒரு வாரம் சோறு எறங்கல.”

அப்பா இறந்த அன்று நான் ஊரில் மாலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆள் ஏவிக்கொண்டிருந்தேன். ‘கல்நெஞ்சுக்காரி, சினிமாவுக்குப் போனவ அப்படித்தான் இருப்பா’ என்று சித்தி என் காதுபடவே சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நான்கு வருடமாக என்னை நானே கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டிருக்கிறேன். என் அழுகை காசிமேட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனது எனக்குத் தெரியவே தெரியாது.

கிளம்பும்போது பிலோமினாக்கா வாசல் வரை வந்தாள். “உள்ள போட்ருவாங்களா?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் செதில் ஒட்டிய விரல்கள் கதவை விடாமல் பிடித்திருந்தன. நாற்பத்தெட்டு வயது. அவளுக்கு விழுவதையும் தாங்குவதையும் தவிர வேறு வேலை தெரியாது.

“நான் சொல்ற நம்பரைப் பொறுத்தது” என்றேன்.

“நெஜத்தையே சொல்லு. எனக்காவ எதுவும் பண்ணாத. தெரிதா?”

வியாழக்கிழமை காலை பத்து மணி. வாரியத்தில் ஒரு சின்ன அறை. என்னைக் கட்டிலில் படுக்கவைத்து வெள்ளைப் போர்வை போர்த்தினார்கள். எதிரே நாற்காலியில் பிலோமினாக்கா, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் பூபதி மாஸ்டர். டாக்டர் சுகிர்தா முதலில் அவள் கழுத்திலிருந்து கொட்டையை எடுத்தார்.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். “அட! ஒடம்பு இம்மா லேசாவா இருக்கும்?” என்றாள். மறந்துபோயிருந்தாள் பாவம்.

பிறகு என்னுடையது. கழுத்தில் ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எனக்கு டீ கொடுத்தார்கள், குடித்தேன். இருபது நிமிடம் ஆயிற்று.

“ஏதாவது தெரியுதா?”

“இல்ல டாக்டர்.”

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவர்கூடக் கிடையாது, பிலோமினாக்காவைப் பார்த்துப் பழகினது. போயிற்று, நாக்கைக் கடித்துத் தின்றாலும் தெரியாத பிறவியாகிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்கும் பயம் வரவில்லை. வாயில் என்னவோ வித்தியாசமாக இருந்தது. நாக்கு நுனியில். டீ சுட்டிருந்தது.

“டாக்டர், நாக்கு சுட்டிருக்கு!” என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் முழங்கால் வந்தது. அடுத்து தோள், அதற்கப்புறம் இடுப்பு. ஒவ்வொரு படமாகத் திரும்பி வந்தது, லாரி, மாடி, கண்ணாடி. கடைசியில் முதுகு வந்தது. அதை எப்படிச் சொல்வது? இரண்டு பேர் சேர்ந்து என்னை நடுவில் ஒடிக்கிறார்கள், ஒடித்துவிட்டுப் போகாமல் மறுபடி ஒடிக்கிறார்கள். மூச்சு விட்டால் வலித்தது, விடாவிட்டாலும் வலித்தது. அப்புறம் நெஞ்சு அடைத்தது. தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டது, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்பா. நான்கு வருடம் கழித்து வந்து சேர்ந்திருந்தார்.

இதை ஒருத்தி மூன்று என்று போட்டிருக்கிறாள். நெத்திலி கிள்ளிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு.

“குழலி, முதுகுக்கு எவ்வளவு? யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் டாக்டர். பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் முகத்தைக் கல்லாக்கினேன். அதுதான் எனக்குக் கைவந்த கலை, விருது வாங்கின கலை.

“மூணு” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “மூணா?”

“மூணுதான். அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க.”

அவர் எழுதக் குனிந்தார்.

“எழுதாத டாக்டரம்மா” என்றாள் பிலோமினாக்கா. “ஒம்போது.”

“நீங்க சொல்லக் கூடாதும்மா. உங்க லைன் கழட்டியாச்சு.”

“லைன் இன்னாத்துக்கு? ஒம்போது வருசம் எங்கூட்ல குடியிருந்த வலி. எனக்குத் தெரியாதா அத்த?” எழுந்து வந்து என் காலடிப் போர்வையை விலக்கினாள். என் வலது கட்டைவிரல் மடங்கிப் போர்வையின் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. “நடிக்கறப்ப இந்த வெரலு இப்டி நடுங்காது. எனக்குத்தான் மூணு. அவளுக்கு ஒம்போது. அவ என்னிய மாதிரி இல்ல. எழுது.”

“அக்கா, சும்மா இருங்க” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

“ஒங்கப்பா பெத்த புள்ள, கத்தி அழு பாப்பா. போதும்.”

டாக்டர் பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டார். “சட்டப்படி நீங்கதான் சொல்லணும் குழலி. கடைசியாக் கேக்கறேன். எவ்வளவு?”

மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அக்கா என் மடங்கின விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், குழந்தைக்குப் பிடிக்கிற மாதிரி. என் வாயிலிருந்து ஓர் அலறல் வந்தது. பன்னிரண்டு படத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. “அம்மா” என்று ஆரம்பித்து “அப்பா” என்று முடிந்தது. நிறுத்த முடியவில்லை.

டாக்டர் சுகிர்தா குனிந்து எழுதினார். என்ன எண் என்று யாரும் கேட்கவில்லை.

பூபதி மாஸ்டர் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பிலோ, வலிக்குதாம்மா?”

அக்கா என் விரலை விட்டாள். நிமிர்ந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“ஓகே மாஸ்டர்” என்றாள்.